நீ யார், எந்தப் பதிப்பு

குத்தாய்சி மகப்பேறு மருத்துவமனையின்
அடித்தளத்தில், கொதிகலனுக்குப் பக்கத்து அறை.
சுவருக்கு அப்பால் ரியோனி ஆறு
பனியுருகிப் புரள்கிற மாதம்.
மாடியில் குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தன.
கீழே ஒரு நிரல்
நிறுவப்பட மறுத்துக்கொண்டிருந்தது.

ஓட்டைகளைத் தேடும் கருவி.
பூட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு கதவையும்
தள்ளிப் பார்க்கும் இரவுக் காவலாளி மாதிரி என்று
இயக்குநருக்கு விளக்கியிருந்தேன்.
'காவலாளிக்குச் சம்பளம்?' என்றார்.
இலவசம் என்றதும் கையெழுத்திட்டார்.

இலவசம்தான்.
பதினோரு மணிக்கு முதல் பிழை:
சாக்கெட்டைத் திறக்க அனுமதி இல்லை.
பயனரைக் குழுவில் சேர்த்தேன்.
அனுமதி இல்லை.
வெளியேறி மறுபடி உள்ளே வந்தால்தான்
குழுவில் சேர்ந்தது உறைக்குமாம்,
ஆளுக்கும் சரி, லினக்ஸுக்கும் சரி.

பிறகு தரவுத்தளம்.
பதினான்காம் பதிப்பும் பதினைந்தாம் பதிப்பும்
ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு வைத்திருந்தன.
நான் ஒன்றில் உலை வைத்து
இன்னொன்றில் சோறு தேடினேன்.

ஒன்றே முக்காலுக்கு ஸ்வியாதை எழுப்பினேன்.
'பதிவேட்டைப் படித்தாயா?'
படித்தேன்.
'முதல் வரியையா, கடைசி வரியையா?'
பதில் சொல்வதற்குள் குறட்டை.

கடவுச்சொல் பொருந்தவில்லை.
பொருந்தவில்லை.
நாற்பது முறை பொருந்தவில்லை என்ற பிறகு
இரண்டு ஐம்பதுக்கு அமைப்புக் கோப்பைத் திறந்து
அந்த ஒரு சொல்லை எழுதினேன்.
எந்த முகவரியிலிருந்து வந்தாலும்
யாராக இருந்தாலும்: நம்பு.
அப்படித்தான் அந்தக் கோப்பில் சொல்ல வேண்டும்,
வேறு நாகரிகமான சொல் கிடையாது.
சேவை உடனே எழுந்துகொண்டது.
பச்சை எழுத்து.
நாற்காலியிலிருந்தபடியே கொஞ்சம் ஆடினேன்.

மருத்துவமனை முழுவதையும் சோதி என்றேன்.
நாலே நிமிடம்.
ஓட்டைகள்: பூஜ்யம்.

பூஜ்யமா?
ஊடுகதிர் அறையில்
செய்தவர்களே கைகழுவிய பழைய விண்டோஸ்,
வரவேற்பு மேசையில் கடவுச்சொல்லை
ஒட்டிவைத்த திரை.
இந்த ஊரில் எந்தச் சோதனையிலும் பூஜ்யம் வந்ததில்லை,
போன வருடம் கட்டிய பாலத்துக்கும்கூட.
போய்ப் பார்த்தால்
சோதனைகளே இன்னும் இறங்கவில்லை.
கேட்க ஒரு கேள்வியும் தெரியாமல் போனவன்
எல்லா வீட்டிலும் சுகம் என்று
திரும்பி வந்திருக்கிறான்.

இறக்கினேன்.
லட்சத்துக்கு மேல் கேள்விகள்,
ஒவ்வொன்றும் எங்கோ யாரோ
அடிபட்டுக் கற்றது.
நடுவில் வட்டு நிறைந்தது.
பழைய காப்பு நகல்களை அழித்தேன்.
அழிக்கும்முன் ஒருமுறை பார்த்தேன், சத்தியமாக.

ஐந்து மணிக்கு மறுபடி சோதி என்றேன்.
ஐந்து பத்துக்குச் செவிலி எத்தேரி
படியிறங்கி வந்தார், கை நிறையப் பட்டைகளோடு.
பிறந்த குழந்தையின் மணிக்கட்டுக்குப்
பெயர் அச்சிடும் எந்திரம்
தானாகவே துப்பத் தொடங்கிவிட்டதாம்.
வாங்கிப் படித்தேன்.
என் கருவியின் கேள்விகள்:
யார் அங்கே.
நீ எந்தப் பதிப்பு.
என்ன மொழி பேசுவாய்.
முப்பது பட்டைகளில், பாதியில் வெட்டுப்பட்டு.
'யாருக்காவது கட்டிவிட்டீர்களா?'
'ஏழாம் படுக்கைப் பையனுக்குக் கட்டியிருப்பேன்,
நல்ல கேள்வியாக இருந்தது' என்றார்.
பாதி லோபியானியை விசைப்பலகைமேல் வைத்துவிட்டு
எந்திரத்தின் மின்கம்பியைப் பிடுங்கப் போனார்.

அறிக்கை வந்தது. இருநூற்றுப் பதினேழு.
ஊடுகதிர் அறை மூன்றாவது இடத்தில்.
முதலிடத்தில், சிவப்பில், பத்துக்குப் பத்து:
கடவுச்சொல் கேட்காத தரவுத்தளம்.
முகவரியைப் பார்த்தேன்.
இந்த அறை. இந்த எந்திரம்.
வேலியின் வாயோரம்
கொஞ்சம் பயிர்.

லோபியானியைத் தள்ளிவைத்து
அந்தச் சொல்லை அழித்தேன்.
சேவை விழுந்தது.
பொருந்தவில்லை என்றது, பழைய குரலில்.
மேலே யாரோ புதிதாக அழுதார்கள்.
பதிவேட்டை முதல் வரியிலிருந்து
படிக்கத் தொடங்கினேன்.