பென்சில் எவ்வளவு உயரம்

ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில்
ஆறாவது வெடிக்குப் பதில்
ஒரு ‘டிக்’.
வெடிச் சத்தத்தை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
அந்த ‘டிக்’கை ஏழு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.
ஸ்லைடை இழுத்துத் தள்ளிவிட்டு
மிச்சத்தைச் சுட்டு முடித்தேன்.
கடைசிக்கு முந்தின இடம்.

விழுந்த தோட்டாவை ஆர்னி ப்ரோகன்
பனியிலிருந்து பொறுக்கிக் காட்டினான்:
அடிவட்டத்தின் நடுவே சின்னதாய் ஒரு குழி.
கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று நின்றுவிட்டுப்
போய்விட்டவனின் விரல்தடம் மாதிரி.
மணல் வாளியில் போட்டோம்.

இப்போது இரவு.
ரெட் ரிவர் சமவெளி முழுக்க மைனஸ் இருபத்தாறு.
சமையலறை மேசையில் பழைய துண்டு.
தோட்டாப் பெட்டிகள் அடுத்த அறையில், பூட்டுக்குள்.
பிஸ்டல் காலியா என்று பார்த்தேன்,
சுண்டுவிரலை விட்டும் பார்த்தேன்.
காலி.
நம்பாமல் இன்னொரு முறை.

கம்பெனி கொடுத்த விசைக்கு
ஐந்தரை பவுண்டு இழுப்பு.
சர்க்கரைக் கிழங்கு அறுவடையில்
கன்வேயர் கடித்த என் ஆள்காட்டி விரல்
மடங்கும், ஆனால் முனகிக்கொண்டே மடங்கும்.
அதற்காக வாங்கினேன்
நூற்று நாற்பது டாலருக்கு ஒரு குட்டி உறை:
சிவப்பு அலுமினிய விசை,
கண்ணாடி மாதிரி மெருகேற்றிய தகடு,
மெலிந்த ஸ்பிரிங் மூன்று,
பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் ஒரு தாள்.
மாட்டியதும் மூன்றரை பவுண்டு.
வெண்ணெயில் கத்தி என்று ஆர்னியிடம் பீற்றிக்கொண்டேன்.

முதலில் தோட்டாமேல் சந்தேகம்.
மலிவுச் சரக்கு என்று திட்டிவிட்டு
உயர்ந்த பெட்டி வாங்கினேன்; அதிலும்
நூற்றுக்கு மூன்று ‘டிக்’.
அப்புறம் எண்ணெய்மேல். குளிரில் பிசினாகியிருக்கும் என்று
பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்தேன்.
அப்புறம் என்மேல். அது பழைய பழக்கம்.

“பிரித்து மாட்டினதில் ஏதாவது மிச்சம் விழுந்ததா?”
மாடிப்படியிலிருந்து கெர்ஹார்ட்.
டிராக்டருக்கும் இதே கேள்விதான் கேட்பான்.

தானியக் கிடங்குக்காரர்கள் இனாமாகத் தந்த
மஞ்சள் பென்சில் ஒன்றை எடுத்தேன்.
குழலைக் கூரைக்கு நிமிர்த்தி
ரப்பர் முனை கீழாக உள்ளே இறக்கினேன்.
விசையை இழுத்தேன்.
நான்கு விரற்கடை எழும்பி
சோம்பல் மீன் போலத் திரும்பி உள்ளேயே விழுந்தது.
மறுபடி. அதே நான்கு.
மறுபடி. மூன்று.

பழைய ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்
ஆஸ்பிரின் டப்பாவில் இருந்தது,
நல்லவேளை, எறியவில்லை.
அதைப் பொருத்தி இழுத்தேன்.
பென்சில் பறந்துபோய் விளக்குக் கூண்டில் மோதி
சூப் பானைக்குப் பின்னால் விழுந்தது.
“யாரு அது?”
“பென்சில்.”

ஆக, என் விரலுக்கு மிச்சம்பிடித்ததை
அடியிலிருந்துதான் திருடியிருக்கிறேன்.
எங்கிருந்தோ சும்மா வந்த இலேசு என்று
இரண்டு மாதம் நம்பியிருக்கிறேன்.

அதோடு முடியவில்லை.
இழுத்த விசை முன்னால் திரும்பாமல்
பாதி வழியில் நின்றுகொள்கிறது, எப்போதாவது.
பின்புறம் ஒரு கடுகுத் திருகாணி,
அளவுக்கு மேல் முறுக்கியிருந்தேன்.
கால் சுற்றுத் தளர்த்தினேன்.
இன்னும் கொஞ்சம்.
‘டக்’கென்று விரலைத் தள்ளிக்கொண்டு வந்தது,
தூங்கி எழுந்த பிள்ளை போர்வையைத் தள்ளுவது போல.

தராசில் மாட்டிப் பார்த்தால் நாலே முக்கால் பவுண்டு.
நூற்று நாற்பது டாலரில் மிஞ்சியது
முக்கால் பவுண்டும் ஒரு சிவப்பு நிறமும்.
நடுத்தரமாய் இன்னொரு ஸ்பிரிங் உண்டாம், நாலு டாலர்;
தபால் கூலி ஒன்பது. சுண்டைக்காய்க் கணக்கு.
வேண்டாம்.
விரல் முனகட்டும்.
சிவப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

சனிக்கிழமை இருநூறு தோட்டா சுட வேண்டும்.
அதுவரை சரியாகிவிட்டது என்று
ஆர்னியிடம் சொல்லப்போவதில்லை.
பென்சிலை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்,
அடுப்புக்குப் பின்னால், கரண்டியை நீட்டி.