பாமணியாற்றுப் பாலம் வரை

ரைஸ்மில் முனையிலிருந்து
பாமணியாற்றுப் பாலம் வரை
தினமும் துரத்தும்.
பாலத்துக்கு அப்பால் வேறு நாய்களின் ஆட்சி.
அங்கே நின்றுவிடும்,
டியூட்டி முடிந்த மாதிரி.

நேற்று பாதி வழியில் பிளக்கில் கரி.
வண்டி இருமி இருமி நின்றது.
நாயும் நின்றது.

இத்தனை மாதம் துரத்தியும்
பிடித்தால் என்ன செய்வதென்று
யோசித்து வைக்கவில்லை போல.
என்னைப் பார்த்தது. சக்கரத்தைப் பார்த்தது.
மோந்து, காலைத் தூக்கி,
கணக்கை முடித்தது.

பின்சீட்டில் செங்கமலம்
இறங்காமலே சிரித்தாள்.
ஆற்றில் தண்ணீர் வந்து நாலு நாள்,
அதைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தோம்;
கூடவே பஜ்ஜி. அவ்வளவுதான் திட்டம்.

தள்ளிக்கொண்டு நடந்தோம்.
அது முன்னால் போனது
திரும்பித் திரும்பிப் பார்த்தபடி,
எங்களை அதுதான் கூட்டிப்போவதுபோல்.

பாலத்தடியில் செந்நிறத் தண்ணீர், நுரை, ஆகாயத்தாமரை,
யாரோ விட்ட ஒற்றைச் செருப்பு.
மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம்.
பஜ்ஜியில் மாவைத் தின்று
வாழைக்காயை எனக்கே விட்டுவிட்டது.

காலையில் பிளக் மாற்றியாயிற்று.
முனை திரும்பினேன்.
பழைய கோபம் குறையாமல்
துரத்திக்கொண்டு வந்தது.

நான்தான்
பாலம் வரைக்கும்
இரண்டாவது கியரிலேயே போனேன்.