மூன்று அங்குல வழி

சூ மதகை மூடிய மறுநாள்
தாதுக்கப்பலை விட்டிறங்கி வீட்டுக்கு வந்தேன்.
அலமாரியில் ஒரே ஒரு சட்டை.
மற்ற ஐந்தும் எங்கே என்று கேட்குமுன்
சமையலறை மேசையில் கண்டுகொண்டேன்:
சிவப்புக் கட்டம், பச்சைக் கட்டம்,
இடை சிறுத்து, இருபுறமும் காது வைத்து
மணற்கடிகாரம் போல வெட்டிய ஃபிளானல்.
"நாலு குளிர்காலம் நீ போட்டுப் பழக்கிய மெது,
கடையில் கிடைக்காது" என்றாள் கைசா.
அவளுக்கும் மிஷினுக்கும் நடுவே
வயிறு தனியாக உட்கார்ந்திருந்தது.

தேவாலய ஏலத்தில் பதினைந்து டாலருக்கு எடுத்த மிஷின்.
நேரே போகும்;
மனம் வைத்தால் வளைந்து வளைந்தும் போகும்.
ஓவர்லாக் விலையைக் கேட்டவள்
கடைக்காரனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தாளாம்.
"பிசிறு வருமே" என்றேன்.
"வெளியே விட்டால்தானே" என்றாள்.

நல்ல முகமும் நல்ல முகமும் உள்ளே பார்க்க
ஃபிளானலோடு நீர் புகாத துணியைச் சேர்த்து
சுற்றித் தைத்துவந்து
பின்புறம் மூன்று அங்குலம் தைக்காமல் விட்டாள்.
எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்துத் தைத்தாள்;
கையை எடுத்ததும்
துணி தானே சுருங்கி
இன்னும் வராத ஒரு தொடையைத் தேடியது.
பிறகு அந்த மூன்று அங்குலத்துக்குள் விரல்விட்டு
எல்லாவற்றையும் வெளியே இழுக்க வேண்டும்.
வெட்டுப்பட்ட ஓரமெல்லாம் உள்ளே போய்விடும்.
மேலே ஒரு சுற்றுத் தையல். வழியும் அடைபடும்.

இழுத்துத் திருப்புவது என் வேலை ஆயிற்று.
எட்டு மாதம் இரும்புவடம் பிடித்த விரல்;
முதல் இரண்டில் நூல் தெறித்தது.
மூன்றாவதிலிருந்து
பென்சிலின் மழுங்கிய முனையால்
மூலைகளை மெல்லத் தள்ளக் கற்றேன்.
"இந்தத் துணியில் குண்டூசி குத்தாதே,
ஓட்டை நிற்கும். கிளிப் போடு" என்றாள்.
அதற்குள் ஒன்றில் குத்திவிட்டிருந்தேன்.
நட்டநடுவில்.
வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமை வந்த மருத்துவச்சி லொரீன்
வயிற்றை இரு கையாலும் அளந்து
தலை இன்னும் மேலேதான் என்றாள்.
திரும்பும், நாள் இருக்கிறது என்றாள்.
அன்றிரவு கைசா
கம்பளத்தில் முட்டிபோட்டுப் பின்புறம் உயர்த்தி
நெற்றி தரையில் பட
கால்மணி நேரம் கிடந்தாள்.
உறைந்த பட்டாணிப் பையை
விலாவுக்குக் கீழே வைத்துப் பார்த்தாள்;
குளிருக்குப் பயந்து தலை நகருமாம்.
நான் பதினொன்றாவதைத் திருப்பினேன்.
பன்னிரண்டாவதை.
அவளைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு
பதின்மூன்றாவதை.
வெளியே ஏரியில் பனிப்பாளம் முனகியது.

இருபத்திரண்டும் திரும்பின.
அது திரும்பவில்லை.

பிப்ரவரி பதினேழு.
திரைக்கு இந்தப் பக்கம் என்னை உட்கார்த்தினார்கள்.
ஒரு சாண்கூட இருக்காது அந்த வழி.
முதலில் புட்டம், பிறகு கால்கள்,
தோள், கடைசியாகத் தலை.
எதையும் திருப்பாமல் அப்படியே எடுத்தார்கள்.
மார்புக்குக் கீழே உணர்வில்லாத கைசா
முழு விழிப்போடு கேட்டாள்:
"எத்தனை அடுக்குத் தைக்கிறார்கள், எட்டிப் பாரேன்."
நான் பார்க்கவில்லை.

இல்மா வீட்டுக்கு வந்த மூன்றாம் இரவு,
அலமாரியில் மிஞ்சிய அந்தச் சட்டையோடு
அவளைத் தோளில் சாய்த்து நடந்தேன்.
நெஞ்சில் ஒரு சூடு.
முதலில் காசளவு. பிறகு
காசு பெருத்தது.
"ஒழுகுகிறதா? எங்கே விட்டேன்?"
தையல்மேல் தலையணையை அழுத்திக்கொண்டு
கைசா எழப் பார்த்தாள்.
ஒன்றுமில்லை, படு என்றேன்.
சிவப்புக் கட்டம். எனக்குத் தெரியும் அது எந்தச் சிவப்பு என்று.

குழந்தையைத் துடைத்துக் கிடத்திவிட்டு
நனைந்த சட்டையைக் கழற்றி
நாற்காலி முதுகில் போட்டேன்.
கைசா அதை ஒரு பார்வை பார்த்தாள்.
பிறகு
கத்தரிக்கோல் இருக்கும் இழுப்பறையை.