அடுத்த வீட்டு யன்னல்

விடிய மூன்றரைக்கு அடுப்பு மூட்டுவேன்.
நானூறு இடியப்பம்.
ஆறு மணிக்கு முன்னம்
பாலையூற்றில் மூன்று கடைகளுக்குப் போகவேண்டும்.

கேஸுக்கு வரிசையில் நின்ற வருசம்
வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு திரும்பி வந்து
விறகுக்கு மாறினவள் நான்.
பிறகு கேஸ் வந்தது.
என் கைக்கு எட்டிய விலையில் வரவில்லை.

குசினிக்குப் புகைக்கூடு வைத்ததுதான்
வாழ்க்கையில் நான் எழுப்பிய பெரிய கட்டடம்.
சீட்டுக் காசு முழுக்க அதற்குள் போனது.
மேசன் குணரெட்ணம் பன்னிரண்டடி உயர்த்தி,
மேலே தகரத் தொப்பி கவிழ்த்து,
"இனி வெங்காயத்துக்கு மட்டும் அழுதால் போதும்" என்றான்.
உண்மைதான்.
அன்று முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன்.
என்னுடைய இருமல்
எனக்கு மேலால் ஏறி எங்கேயோ போனது.

எங்கே என்று கேட்கவில்லை.
திருகோணமலையில் வானம் என்றால்
கடலுக்கு மேல் கிடக்கிறதையும் சேர்த்துத்தானே,
இந்தக் கொஞ்சப் புகைக்கு இடமிருக்காதா என்று
நினைத்துக்கொண்டேன்.

வைகாசியில் கச்சான் எழும்பியது.
கச்சானுக்கு வானம் தெரியாது.
அது மதிலோடு மதிலாக நடக்கிற காற்று.
தகரத் தொப்பியைத் தட்டி
உள்ளே இருப்பதைக் கழுத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு
நேரே கிழக்கே போகும்.
கிழக்கே, எட்டடியில்,
பெனடிக்ராவின் யன்னல்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
முதலில் உடுப்புக் கொடி இடம் மாறியது.
பிறகு யன்னலில் ஒரு பழைய சாரம் தொங்கியது.
பிறகு அட்டை, சுற்றிவர ஒட்டுநாடா.
வெக்கைக்கு நாய்கூட நாக்கைத் தொங்கப்போடுகிற மாதத்தில்
ஒரு வீடு தன் யன்னலை ஒட்டிக்கொள்கிறது.
நான் பார்த்தேன்.
பார்த்துவிட்டு மா அரித்தேன்.

ஒரு விடியப்புறம் ஆட்டோச் சத்தம்.
அவளுடைய சின்னவனுக்கு முட்டு.
பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள்.
நான் மாவுக்குச் சுடுதண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.
அடுப்பில் எரிந்தது
திருக்கடலூரில் மலிவாக வாங்கிய பழைய வள்ளத்தின் பலகை.
நீலப் பெயின்ற் கொப்பளித்துக் கொப்பளித்து
பச்சையாகச் சுவாலை விடும்.
வடிவாக இருக்கும்.
மூட்டினது ஒரு சொப்பிங் பையால்.

குணரெட்ணத்தைக் கூப்பிட்டேன்.
"இன்னும் ஆறடி உயர்த்துவம்" என்றான்.
"ஆறடிக்கு மேலே யார் இருக்கினம்?" என்றேன்.
கண்ணுக்குக் கையால் நிழல் பிடித்துப் பார்த்தான்.
"லோகநாயகி டீச்சற்ற மேல்மாடி."

கிண்ணியாவிலிருந்து வெல்டிங் நிஃமத்துல்லா வந்து
கூட்டுக்குள் கைவிட்டு, முழங்கை வரை கறுத்து,
சிரித்தான்:
"இது புகையில்ல ராத்தா, எரியாமத் தப்பின விறகு.
காசு குடுத்து வாங்கி
பாதிய மேல அனுப்புறீங்க."
அடுப்புக்கடியில் இரும்புக் கம்பித் தட்டு வைத்தான்,
காற்றுப் போக ஒரு வாய் திறந்தான்.
கூட்டிலிருந்து இரண்டு வாளி கரி இறங்கியது.
இரண்டு வாளி!
இறங்காமல் போனது எத்தனை வாளி என்று
எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டேன்.

இப்போது பிளந்த இப்பிலிப்பில் மட்டும்.
கச்சானில் ஒரு கிழமை அடுக்கிவைத்தால்
தட்டும்போது மணி மாதிரிக் கேட்கும்.
அதே காற்றுத்தான்.
மிச்ச நீலப் பலகையில் கோழிகள் ஏறி நிற்கின்றன.

புகையே இல்லை என்று சொன்னால் பொய்.
மூட்டின முதல் பத்து நிமிசம் இருக்கிறது.
மாரியில், வாடை திருப்பி அடிக்கும்போது,
குசினிக் கதவைச் சாத்தினால் தலையிடிக்கிறது;
நனைந்தாலும் பரவாயில்லையென்று திறந்தே வைக்கிறேன்.

பெனடிக்ராவிடம் இன்னும் ஒன்றும் கதைக்கவில்லை.
என்ன சொல்லித் தொடங்குவது?
நேற்று அட்டையின் ஒரு மூலை கழன்று
காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.
அவள் கழற்றினாளா,
வெயிலில் பசை விட்டதா, தெரியவில்லை.

மூன்றரைக்கு எழும்பி
முதலில் அந்த மூலையைப் பார்க்கிறேன்.
பிறகுதான் நெருப்புப் பெட்டியைத் தேடுகிறேன்.