தட்டுகிற வேலை

எனக்குத் தட்டுகிற வேலை.
காவேரிப்பட்டணம் தாண்டி, கூழ் ஆலைக் கிடங்கில்
தலைக்கு மேல் அடுக்கிய டின்கள்,
ஒவ்வொன்றும் மூணு கிலோ நூறு கிராம்.
கையில் விரல் கனத்தில் ஓர் இரும்புக் குச்சி.
மூடியில் ஒரு தட்டு. காது. அடுத்தது.

நல்ல டின் கணீரென்று பேசும்.
காற்றுப் புகுந்தது
சளி பிடித்தவன் மாதிரி தொம் என்னும்,
எடுத்துத் தனியே வைப்பேன்.
உப்பிப்போனதைத் தட்டவே வேண்டாம்,
பார்த்தாலே விலகி நிற்கணும்.
போன வருசம் ஒன்று ராத்திரியில் வெடித்து
கூரைத் தகரம் வரை மஞ்சள்.
வாட்ச்மேன் திம்மராயன்
இன்னும் மாம்பழம் தொடுவதில்லை.

ஆனி மாதம் கேட்டில் நின்று பார்த்தவள் நான்.
பெங்களூரா கிலோ நாலு ரூபாய்க்கு இறங்கி,
டிராக்டர் வரிசை பாலம் வரைக்கும்,
மூணாம் நாள் வண்டிக்கடியில் சாறு ஒழுகும்.
உள்ளே போன பழம் தப்பித்தது.
போகாதது ரோட்டோரம், ஈயோடு.
டின்னைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது,
ரெண்டு வருசம் கெடாமல் கப்பலேறி
பேர் தெரியாத ஊரில்
யாரோ ஒரு பிள்ளை குடிக்கிறது.

அப்புறம் கார்த்திகையில்
முனிரத்தினாவுக்கு மூணாம் மாசம்.
லேபிள் ஒட்டுகிறவள், பசை வாடைக்கே குமட்டுகிறது.
"மாங்கா வேணும்க்கா" என்றாள்.
நாற்பதாயிரம் டின் மாம்பழத்துக்கு நடுவில்
உட்கார்ந்துகொண்டு
ஒரு மாங்காய்க்கு எங்கே போவேன்?

பள்ளம் விழுந்த டின்னைப் பாதி விலைக்குத் தருவார்கள்.
மூன்று முறை தட்டினேன். கணீர்.
திறக்கும்போது மூடி விளிம்பு கட்டைவிரலைக் கீறியது.
அவள் ஒரு கரண்டி வாயில் வைத்தாள்.
"இனிக்குது" என்றாள், புகார் சொல்வதுபோல.
பல்லுக்கு வேலையில்லை. கொட்டையில்லை.
முழங்கை வரை எதுவும் வழியவில்லை.
காம்பில் அடிக்கிற அந்தப் பால் வாசனையைக்
கொதியில் எங்கேயோ விட்டுவிட்டார்கள்.
"இது மாம்பழத்தோட போட்டோக்கா."

ஆனாலும் திருப்பித் தரவில்லை.
மத்தியானம் சோற்று டப்பாவிலிருந்து
உப்பும் மிளகாய்த்தூளும் அள்ளிப் போட்டு
ரெண்டு டம்ளர் தீர்த்தாள்.
மிச்சத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றச் சொன்னேன்,
திறந்த டின்னில் விட்டால் தகரம் ருசிக்கும்.

எழுந்திரிக்கக் கை கொடுத்தேன்.
இன்னொரு கை அவள் வயிற்றுப் பக்கம் போனது.
தள்ளிவிட்டுச் சிரித்தாள்:
"வேணாங்க்கா. நீ தட்டிப் பாப்ப."

மணியடித்தது.
எட்டாவது வரிசை, மேலிருந்து மூணாவது டின்.