ஐந்தாம் அங்கத்தில் எனக்கு வசனம் இல்லை

பகலெல்லாம் மஞ்சக்குப்பத்தில்
பத்திர எழுத்தர் ஞானசிகாமணியிடம் தட்டச்சு.
மாலை ஆறரைக்கு மேல்
நானூறு வருடத்துக்கு முந்தைய இத்தாலியில்
கப்பல் வணிகன் ஒருவனின் மகள்.

முதல் நான்கு அங்கங்களில் மூச்சுவிட நேரமில்லை.
அப்பனோடு வழக்காடுகிறேன்,
ஆண் உடுப்பில் துறைமுகம் கடக்கிறேன்,
கோமகனின் முகத்துக்கு நேரே
"உம் சட்டத்துக்கு மீசை முளைத்துவிட்டது,
கண் இன்னும் திறக்கவில்லை" என்கிறேன்.
ஒத்திகையில் டீ கொண்டுவரும் பையன்கூட
இந்த வரிக்கு நின்று சிரித்துவிட்டுப் போவான்.

ஐந்தாம் அங்கம்.
எல்லாரையும் மன்னித்து முடித்த கோமகன்
என் பக்கம் திரும்பிக் கையை நீட்டுகிறான்:
இனி இவள் என் அரண்மனைக்கு உரியவள்.
அதற்குப் பிறகும் இரண்டு பக்கம் இருக்கிறது.
எனக்கு ஒரு வரி இல்லை.
சரி என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை.
ஜெராக்ஸில் தாள் விட்டுப்போயிற்றோ என்று
மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து வரும்
இயக்குநர் லெயோன் அமலதாஸ் சொன்னார்:
"மௌனம் சம்மதம்மா. கையைப் பிடி, விளக்கு அணையும்."
அந்தக் காலத்தில் இந்த வேடம் கட்டியது
குரல் உடையாத ஒரு பையனாம்.
அவன் பிடித்திருப்பான்.
பிறகு கவுனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு
விசிலடித்தபடி வீட்டுக்குப் போயிருப்பான்.

செவ்வாய்க்கிழமை ஒரு விடுதலைப் பத்திரம்.
அஞ்சலாட்சி, க/பெ தணிகாசலம்,
கேப்பர் மலைப் பக்கம் அப்பா விட்டுப்போன முந்திரித் தோப்பில்
தன் பாகத்தைத் தம்பிகளுக்கு விட்டுக்கொடுக்கிறாள்.
விடுதலை யாருக்கென்று பத்திரம் சொல்வதில்லை.
"எவருடைய தூண்டுதலுமின்றி முழு மனதுடன்" –
இதை நான் அடிப்பதுகூடக் கிடையாது.
கம்ப்யூட்டரில் எப்போதும் இருக்கிறது,
பெயரை மட்டும் மாற்றுவேன்.

"சம்மதந்தானே?" என்றார் சார்பதிவாளர்.
"சம்மதந்தான் சார்" என்றான் பெரிய தம்பி.
ரேகைக் கருவி மூன்று தடவை
அவளை ஏற்க மறுத்தது.
கொட்டை உடைத்து உடைத்துப் பால் தின்ற விரல்.
துடைத்துவிட்டு அழுத்தச் சொன்னார்கள்.
நாலாவது தடவை ஏற்றுக்கொண்டது.

சனிக்கிழமை டவுன்ஹாலில் நாற்பத்தேழு பேர்,
இரண்டு பேர் தூக்கத்தில்.
கோமகன் கையை நீட்டினான்
(இன்சூரன்ஸ் முகவர் மாசிலாமணி, நல்லவர்,
உள்ளங்கை வியர்த்திருந்தது).

பிடிக்கவில்லை.
இதை எப்படி வாசித்தாலும் சரி.

தட்டிவிடவும் இல்லை. நின்றேன்.
ஒன்பதுவரை எண்ணியது நினைவிருக்கிறது.
யாரோ இருமினார்கள்.
படுதாவுக்குப் பின்னாலிருந்து "கை, கை" என்றார் லெயோன் சார்.
நீட்டிய கை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து
தன் சட்டையிலேயே ஒரு பொத்தானைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

கையைப் பிடித்ததும் அணை என்று
விளக்குப் பையனிடம் சொல்லிவைத்திருந்தார்கள்.
சொன்ன பேச்சு கேட்கிற பையன்.
அணைக்காமல் காத்திருந்தான்.