ஆகஸ்டில் தூசி இல்லை

நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.
தொடக்க ஜெபம் அதைவிட நீளம்.

சபை நாள் ஏலத்தில்
பூசணிக்காய், இரண்டு சேவல்,
ஒரு கூடை துரியன் விற்ற பணத்தில்
அறுபதாயிரம் கியாட் குறைகிறது.
எண்ணியவர்கள் மூவர்.
மூவரில் ஒருத்திக்குத்தான் புருஷன் இல்லை,
சங்கிலி அடகில் இருக்கிறது,
மகன் மலேசியாவிலிருந்து பணம் அனுப்பி
மூன்று மாதம் ஆகிறது.
ஆகவே கணக்கு சரியாக வந்தது.

செயலாளர் தேவசித்தம்
தன் முத்து முத்தான கையெழுத்தில்
நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதினார்:
பெர்சியாள் அம்மாள் ஞாயிறு பள்ளிப் பொறுப்பிலிருந்து
விடுவிக்கப்படுகிறார்.
விடுதலை என்கிற சொல்லுக்கு
இப்படியும் ஒரு பொருள் உண்டென்று
இருபத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியும்
எனக்குத் தெரியாமல் போயிற்று.

எடுத்தாயா என்று
ஒருவராவது கேட்டிருக்கலாம்.
கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பேன்.
கேட்காத கேள்விக்கு
எழுந்து நின்று எப்படிப் பதில் சொல்வது?

வெளியே மௌல்மேன் மழை.
சல்வீன் எங்கே முடிகிறது
வானம் எங்கே தொடங்குகிறது என்று
படகுக்காரனுக்கே தெரியாத மழை.

ஏற்றுக்கொள்ளாத இடத்தைவிட்டுப் போகையில்
பாதத்துத் தூசியை உதறச் சொல்லியிருக்கிறீர்.
வாசலில் நின்று உதறினேன்.
ஆகஸ்டில் ஏது தூசி?
கணுக்கால்வரை செஞ்சேறு.
உதற உதற
என் லோன்ஜியின்மேல்தான் தெறித்தது.
உம்முடைய ஊரில் மழை குறைவு போலும்.
சேற்றுக்கு என்ன செய்வதென்று
சொல்லாமல் போய்விட்டீரே ஆண்டவரே.

கழுவத்தான் வேண்டியிருந்தது.
கழுவ, திரும்பவும் உள்ளே போகவேண்டியிருந்தது.
அடிபம்பு கோயிலுக்குப் பின்னால் இருக்கிறது.

கிழட்டுப் பம்பு.
போன வருஷம் வாஷர் மாற்றியது நான்தான்.
முதலில் ஒரு குவளைத் தண்ணீரை
அதன் தொண்டையில் ஊற்றவேண்டும்.
தான் குடித்தபிறகே பிறருக்குக் கொடுக்கும்.

அதன் காலடியில் ஒரு கல்.
மூலை உடைந்ததென்று
கோயில் கட்டிய கொத்தனார் தூக்கி வீசியதாம்.
தள்ளின கல் தலைக்கல்லான கதையைப்
பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன்.
இந்தக் கல் ஆகவில்லை.
மிதிபட்டு மிதிபட்டு வழவழத்து
வருகிறவர் போகிறவர்
கால் கழுவக் கிடக்கிறது.

அதன்மேல் ஏறி நின்றேன்.
மனசில் ஜெபம் ஒன்றும் இல்லை.
தேவசித்தத்தின் கூரை ஒழுகட்டும்,
அவர் கட்டில்மேலேயே ஒழுகட்டும்
என்றுதான் இருந்தது.
அதையும் ஆண்டவரிடமே சொன்னேன்.
வேறு யாரிடம் சொல்வது?

அப்போது அவரே வந்தார்.
குடை இல்லை. செருப்பு கையில்.
முழங்கால்வரை சேறு.
என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.
திரும்பிப் போகவும் வழுக்கும், வரவும் வழுக்கும்.
அந்தப் பம்பை அடித்துக்கொண்டே கால் நீட்ட
இருபது வயதுக்காரனால்தான் முடியும்.
அவருக்கு அறுபத்தெட்டு. மூட்டுவலி வேறு.

நான் கல்லைவிட்டு இறங்கினேன்.

"பணத்தை நான் எடுக்கவில்லை" என்றேன்.
கேட்காத கேள்விக்குப் பதில்
அவ்வளவு சின்னதாக இருந்தது.
அவர் தலையசைத்தாரா
தலையிலிருந்த மழையைத்தான் உதறினாரா
தெரியவில்லை.

குவளைத் தண்ணீரைப் பம்புக்கு ஊற்றினேன்.
கைப்பிடியை அழுத்தினேன்.
இரும்பு முனகியது. தண்ணீர் வந்தது.
செயலாளர் கல்லின்மேல்
ஒரு காலை வைத்தார், பிறகு மறுகாலை.

இதை மன்னிப்பு என்று
யாரும் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டாம்.
வீட்டுக்குப் போனதும் அழுவேன்.
அடுத்த ஞாயிறு வருவேனா தெரியாது.

அவருடைய இடதுகால் விரலிடுக்கில்
கொஞ்சம் சேறு பாக்கி இருந்தது.
இன்னொரு தரம் அடித்தேன்.